இருமல்

இணுவில் ரயில் கடவையில் பதினொரு வருஷம் நின்றவன் நான்.
தடியை இறக்கி, ரயிலை விட்டு, தடியை ஏற்றி.
நாட்சம்பளம் எவ்வளவென்று சொன்னால் சிரிப்பீர்கள்.
என் முறையில் ஒரு மாடுகூட அடிபடவில்லை.
ஒரு ஆடு. அது தன் பிழை.

இப்போது பதினேழாம் வார்ட்டில்
ஒரு தேக்கரண்டித் தண்ணீருக்கு
என் தொண்டையில் தடி இறங்குதில்லை.

துஷ்யந்தி மிஸ் படம் கீறிக் காட்டினா,
மருந்துத் துண்டின் பின்பக்கத்தில்:
இது மூச்சுப் பாதை, இது சாப்பாட்டுப் பாதை,
இரண்டும் இந்த இடத்தில் குறுக்கறுக்கும்,
ஒவ்வொரு விழுங்கலுக்கும் ஒருக்கால்
மூச்சு நின்று வழிவிட வேணும்.
இவ்வளவு நெரிசலான சந்தியை
ஒரு மணிகூட இல்லாமல்
ஆர் கட்டினது என்று கேட்க வாயெடுத்தேன்.
சொல் இடப்பக்கத்தால் ஒழுகிப் போயிற்று.

புரைக்கேறினால் யாரோ நினைக்கினம் என்பாள்
பரிமளகாந்தி, இருபத்தாறு வருஷமாய்.
மீன்குழம்பில் ஏறினால் கனடாவில் தம்பி.
மாதக் கடைசியில் ஏறினால் சீட்டுக்காரி.

அன்றிரவு மூக்குக் குழாயோடு கிடந்து
கையால் கெஞ்சினேன், ஒரு மிடறு.
தாதி அந்தப் பக்கம் திரும்பின நேரம்
போத்தல் மூடியில் தந்தாள்.
போயிற்று. இருமல் இல்லை.
இன்னொரு மூடி. இருமல் இல்லை.
"பாத்தியளே, சுகம் வந்திட்டுது" என்று
மூடியைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல்.
வலது நெஞ்சுக்குள்
ஈரக் கடதாசி கசங்குகிற சத்தம்.

மிஸ் ஏசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு
அவளுக்குச் சொன்னா, எனக்கும் கேட்கத்தான்:
"இருமினா நல்லம், அக்கா.
வழி பிழைச்சதை உடம்பு கண்டிட்டுது எண்டு அர்த்தம்.
இருமாமப் போறதுதான் எனக்குப் பயம்."
பரிமளகாந்தி கனநேரம் பேசவில்லை.
பிறகு என் காலைப் போர்த்திவிட்டாள்,
ஏற்கனவே போர்த்தியிருந்த காலை.

அப்படியென்றால் அந்த இரண்டு மூடியும்
உலகத்தில் எவரும் நினைக்காமல் போன தண்ணீர்.
விளக்குப் போடாமல் வந்த ரயில்.

பிறகு பழக்கம்.
முதலில் வாயைத் துலக்கு, பல்லில்லாத மூலையையும்.
நிமிர்ந்து இரு. நாடியை நெஞ்சுக்குக் கொண்டுவா.
மூச்சை எடு. பிடி. விழுங்கு.
இருமு. பிறகுதான் மூச்சு.
இறக்கு, விடு, ஏற்று என்று
நான் எனக்கு என் பாஷையில் சொல்லிக்கொண்டேன்.
மிஸ்ஸின் இரண்டு விரல் என் குரல்வளையில்,
தண்டவாளத்தில் காது வைக்கிற பொடியன் மாதிரி.
ஒவ்வொரு கரண்டிக்கும் பிறகு "ஆ சொல்லுங்கோ."
குரல் நனைந்திருந்தால் கரண்டி திரும்பிப் போகும்.
நாக்கின் அடி எழும்ப வேணுமென்று க, க, க.
பக்கத்துக் கட்டில்காரர்
காகத்துக்கு ஆர் சோறு வைக்கிறது என்றார்.
மாப்போட்டு இறுக்கின தண்ணீர் வந்தது:
கூழின் தடிப்பு. ஒரு நண்டுக்கால் வாசமாவது?
இல்லை.
தண்ணீரை மெல்லுகிற வயது எனக்கு ஐம்பத்திமூன்றில் வந்தது.

முப்பத்திரண்டாம் நாள், வியாழன்,
இறுக்கம் குறைத்து ஒரு கரண்டி.
போகும்போதே தெரிந்தது, கொஞ்சம் பிசகு.
நெஞ்சு குலுங்கி, கண் கலங்கி
இருமினேன்,
வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்க்க இருமினேன்.
மிஸ் சிரிப்பை மறைக்கக் கோப்புக்குள் குனிந்தா.
முதுகில் தட்டக் கையெடுத்த பரிமளகாந்தி
தட்டக்கூடாது என்பது நினைவு வந்து
கையை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு
"ஆரோ நினைக்கினம்" என்றாள்.

"ஆர்?" என்றேன்.
குரல் நனைந்திருக்கவில்லை.